ஒரு கம்பி, இரண்டு சுருதி

ஹாஜாவின் பூஸூக்கி மடிக்கு வந்ததும் இன்பராணி முதலில் செய்தது, இடது காதின் மேல் தலைமுடியை இழுத்துவிட்டுக்கொண்டதுதான். காதுக்குள் பஞ்சு இருந்தது. வெளியே தெரியாது என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் நிலைக்கண்ணாடியில் பார்த்தாள், ஆட்டோவில் வரும்போது செல்பேசித் திரையில் பார்த்தாள், ரொசாரியோ அண்ணன் வீட்டு மாடிப்படி ஏறும்போது விரலால் தொட்டும் பார்த்தாள். இருந்தும் கை தானாகப் போனது. எதிரே ஹாஜா சப்பணமிட்டு உட்கார்ந்து, பிள்ளையை டாக்டரிடம் காட்டிவிட்டு அவர் வாயைப் பார்த்திருக்கிற தகப்பனைப்போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கப்பலில் வேலை பார்க்கும் அவன் மச்சான் கிரேக்க நாட்டுத் துறைமுகம் ஒன்றில் வாங்கி வந்த வாத்தியம். பூசணிக்காயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி முதுகு, கொக்குக் கழுத்து, எட்டுக் கம்பிகள். எட்டு என்று பெயர்தான், எல்லாம் இரண்டிரண்டாக ஜோடி. ஜோடியில் இரண்டும் ஒரு வாயால் பேசினால்தான் அது வாத்தியம், இல்லாவிட்டால் தகரம். "கப்பல்ல வந்ததுல எல்லாம் தளர்ந்துபோச்சுக்கா. நான் தொடவேயில்ல. நீங்க சுருதி வச்சாத்தான் வச்ச மாதிரி" என்றான் ஹாஜா. நீங்க வச்சாத்தான். இத்தனை வருஷமாக இந்த வார்த்தை ஒரு மாலையைப்போல வந்து விழுந்துகொண்டிருந்தது, அவளும் அதைக் கவனிக்காதவள்போலக் கழுத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். மாதத்தின் கடைசி ஞாயிறு பெரம்பூரில் இந்த மாடி ஹாலில் கூடுகிற நாலு பேருமே சினிமாப் பாட்டுக்குக் கம்பி வாத்தியம் வாசிக்கிறவர்கள். பல்லவி முடிந்து சரணம் வருவதற்குள் மின்னி மறைகிற மாண்டலின், கதாநாயகி ஏதோ வெளியூர் ரயிலடியில் இறங்கும்போது பின்னால் சிணுங்குகிற பெயர் தெரியாத தந்தி, அதெல்லாம் இவர்கள் கை. ஸ்டூடியோவில் யாரோ கேட்டதை வாசித்துவிட்டு வருகிறவர்கள், இங்கே இஷ்டத்துக்கு வாசித்தார்கள். சட்டம் ஒன்றே ஒன்று: யாரும் தன்னுடையதைத் தொடக் கூடாது, மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றிக்கொள்வதற்கு முன்னால் நாலும் இன்பராணி மடிக்கு வந்து போக வேண்டும். ரொசாரியோவின் ஆக்டேவ் மாண்டலின், அது சாதாரண மாண்டலினுக்கு ஒரு ஸ்தாயி கீழே, ஆம்பிளைக் குரலில் பேசுகிற பெரிய மாண்டலின், வந்து போயிற்று. போன வருஷம் இவர்களோடு சேர்ந்த ஷெரின் வைத்திருக்கும் தட்டை முதுகு ஐரிஷ் பூஸூக்கி வந்து போயிற்று. இன்பராணி தன்னுடைய மாண்டலினை வீட்டிலேயே சுருதி வைத்து எடுத்து வந்திருந்தாள். இது கடைசி. சுருதி பார்க்கிற மின்சார டப்பாவோ செல்பேசியோ இந்த ஹாலில் வெளியே வரக் கூடாது என்பது ரொசாரியோ எப்போதோ சொல்லிவிட்ட பேச்சு. டப்பா எதுக்கு, இன்பா காது இருக்கே.

அந்தக் காதுதான். தீபாவளி கழிந்து ஒரு வாரம் காய்ச்சல் அடித்து, விட்டு, எழுந்து உட்கார்ந்த காலையில் குக்கர் இரண்டாக விசிலடித்தது. பக்கத்து வீட்டிலும் குக்கர் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். புருஷன் தேவசகாயம் பல் தேய்த்துக்கொண்டே வந்து "காபி ஆச்சா" என்றார். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து மெலிந்த குரலில் இன்னொருவர், சற்று மேல் சுருதியில், "காபி ஆச்சா" என்றார். அவள் சிரித்தாள். எவ்வளவு சுலபமாகச் சிரித்துவிட்டோம், என்ன வந்திருக்கிறது என்று தெரியாமல். வலது காதைப் பொத்திக்கொண்டு கேட்டால் வீடு முழுவதும் அரைச் சுரம் ஏறியிருந்தது, குழாய்த் தண்ணீர், மிக்ஸி, புருஷன். இடது காதைப் பொத்தினால் பழைய வீடு. இரண்டையும் திறந்தால் இரண்டு வீடு, ஒன்றன்மேல் ஒன்று, ஓரம் பொருந்தாமல். மாண்டலினை எடுத்து ஒரு கம்பியை, ஜோடியைக்கூட இல்லை, ஒரே ஒரு கம்பியை மீட்டினாள். இரண்டு கேட்டது. மறுபடி மீட்டினாள். மறுபடி. புரசைவாக்கத்து டாக்டர் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் மாட்டி, ஊ என்றும் ஈ என்றும் எதையெதையோ கேட்கவைத்துவிட்டு, "நரம்பு மேடம். காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆயிடுது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்றார். "எப்பத் தெரியும்?" "பொறுத்துத்தான் பார்க்கணும். நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?" "வீட்லதான் இருக்கேன்" என்றாள் இன்பராணி. ஏன் அப்படிச் சொன்னாள்? டாக்டர் மருந்துக் கடைக்காரனிடம் சொல்லி அவன் சாலிகிராமம் வரைக்கும் போய் ஸ்டூடியோக் கதவைத் தட்டிச் சொல்லிவிடப் போகிறானா? ஆனாலும் வாய் அப்படித்தான் சொன்னது, அவளைக் கேட்காமலே. செல்லோ வாசித்த பத்மநாபனுக்குக் கை நடுங்கத் தொடங்கியபோது யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. வாங்க சார், உக்காருங்க சார் என்றார்கள். பிறகு போன் வரவில்லை, அவ்வளவுதான். போன் வராமல் இருப்பதற்குச் சத்தமே கிடையாது. வருகிற வியாழக்கிழமை அவளுக்கு ஒரு ரெக்கார்டிங் இருந்தது. வாத்தியக் குழு இல்லாமல், மாண்டலின் மட்டும் தனியாக, படம் முழுக்க வரப்போகிற மெட்டு. புது இசையமைப்பாளர், சின்னப் பையன், போனில் "மேம், உங்க மாண்டலின் மட்டும்தான் மேம், வேற ஒண்ணுமே கிடையாது" என்று மூச்சுவிடாமல் பேசினான். வலது காதில் வைத்துக் கேட்டாள். சரி என்றாள்.

இப்போது கட்டை விரலால் திருகைப் பிடித்து, முதல் ஜோடியில் ஒன்றை மீட்டி, தலையைச் சாய்த்தாள். எல்லோரும் பார்த்துப் பழகிய சாய்வு. பஞ்சு வேலை செய்யும். வீட்டில் வேலை செய்தது, டி.வி.யில், போனில், தெருவில் போகிற கீரைக்காரி குரலில், எல்லாம் ஒன்றே ஒன்றாகக் கேட்டு, கீரைக்காரிக்கு நன்றி சொல்ல வேண்டும்போல இருந்தது. ஆனால் பூஸூக்கியின் பூசணி முதுகு வயிற்றில் அழுந்தியிருந்தது, கழுத்து தோளெலும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது, மீட்டியதும் நாதம் வெளியே போய்ச் சுற்றி வலது காதுக்கு வருவதற்கு முன்னால் விலா எலும்பைப் பிடித்து ஏறி, தாடைக்கு வந்து, உள்ளேயிருந்தே இடது காதுக்குள் புகுந்துவிட்டது. உள்ளே புகுந்ததை வெளியே விடாமல் பஞ்சு அடைத்துக்கொண்டது. இரண்டாவது குரல் முன்னெப்போதையும்விடப் பெரிதாக, மண்டைக்குள் குடம் கவிழ்த்த மாதிரி நின்றது. அப்படியானால் வீட்டில் முடித்து எடுத்துவந்த மாண்டலின்? அதையும் நெஞ்சில் அணைத்துத்தானே வைத்தாள். ரொசாரியோவின் ஆக்டேவ்? ஷெரினுடையது? அவற்றில் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததா, சரியாக இருக்க வேண்டும் என்று நினைத்ததால் இருந்ததா? ஜோடியின் இரண்டாவது கம்பியை மீட்டினாள். இரண்டும் இரண்டும் நாலு. அலை அடித்தது, உவ்வா உவ்வா என்று, சேராத இரண்டு கம்பிகள் அடிக்கிற அலை. அதைக் கேட்டுக் கேட்டுத் திருகித் திருகி அலை நீண்டு நீண்டு படுத்துவிடும் இடம்தான் சுருதி, கைக்குழந்தை தூங்குகிற மாதிரி அது படுக்கும், அவளுக்கு அந்த இடம் தெரியும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். திருகினாள். படுக்கவில்லை. இது கம்பி அடிக்கிற அலையா, காது அடிக்கிற அலையா? சற்று இறக்கினாள். ஏற்றினாள். பாலம் தாண்டிப் போகிற ரயிலின் அதிர்வு தரை வழியாக வந்து ஜன்னல் கண்ணாடியைச் சிலுப்பியது, நல்லவேளை, ரயில் போகட்டும் என்று காத்திருப்பதுபோல நிறுத்தினாள். நெற்றியில் வேர்த்தது. ரொசாரியோவின் மனைவி மேபல் இடது பக்கமாக வந்து நின்றிருக்கிறாள்; எப்போது வந்தாள், என்ன கேட்டாள்? டீத் தம்ளரை நீட்டியபடி நின்றாள். "என்ன இன்பா, ரெண்டு தடவை கேட்டுட்டேன், சர்க்கரை போடவா வேணாமான்னு. தியானமா?" எல்லோரும் சிரித்தார்கள். "அவ வேலை செய்யிறப்ப அவ காதுல நாம விழமாட்டோம் மேபல்" என்றார் ரொசாரியோ, பெருமையாக, தானே பெற்ற காதுபோல. பிறகு ஷெரினிடம் அந்தப் பழைய கதையைத் தொடங்கினார். பெரிய ஆர்கெஸ்ட்ரா, வயலின் மட்டுமே முப்பது நாற்பது, எங்கோ ஒன்று பிசகுகிறது, யாருக்கும் பிடிபடவில்லை, ஓர் ஓரத்தில் மாண்டலினோடு உட்கார்ந்திருந்த சின்னப் பெண் எழுந்து நேராகப் போய் மூன்றாவது வரிசையில் ஒருவர் முன்னால் நின்று, சார் உங்களுது என்றாள். கதையில் வரும் அந்தப் பெண்ணை, அது தானேதான் என்றாலும், இன்பராணிக்கு இப்போது பிடிக்கவில்லை. என்ன திமிர். அந்த மனிதர் என்ன ஆனார்? வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாரா? ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அவருக்கும் ஒருவேளை ஏதாவது ஆகியிருந்திருக்கலாம், வீட்டிலிருந்து இறங்கும்போது கண்ணாடி பார்த்துவிட்டு வந்திருக்கலாம். "ஆச்சாக்கா?" என்றான் ஹாஜா. "ஆச்சு" என்றாள். மீதி ஜோடிகளைக் கை திருகியது, எவ்வளவு திருகினால் எவ்வளவு ஏறும் என்கிற விரலின் பழக்கத்தில், இருட்டில் படி இறங்குகிற மாதிரி.

மாற்றிக்கொண்டார்கள். ஹாஜாவின் பூஸூக்கி அவளிடமே இருந்தது. ஹாஜாவுக்கு ஆக்டேவ் மாண்டலின், ரொசாரியோவுக்கு ஷெரினுடையது, ஷெரினுக்கு இன்பராணியின் மாண்டலின். ரொசாரியோ மூன்று தட்டு வால்ட்ஸ் தாளத்தைத் தொடையில் தட்டிக் காட்டிவிட்டு ஆரம்பித்தார். முதல் சுற்றிலேயே சுருதி சேராத சத்தம் ஹால் முழுக்கப் பூச்சியாகப் பறந்தது. அவளுக்குள்தான் பறக்கிறது, வெளியே இல்லை, அவர்களுக்கு எல்லாம் அழகாகத்தான் கேட்கும், முகங்களைப் பார், முகத்தில் ஒன்றும் இல்லையே. ரொசாரியோ கண்ணை மூடியிருந்தார். ஷெரின் குனிந்து விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாஜா. ஹாஜா சிரித்தமுகமாகவே இருந்தான், மிகவும் சிரித்தமுகமாக. அப்புறம் இருமினான். இருமல் வந்தவன் வாத்தியத்தைச் சாய்த்துக்கொண்டு முகத்தைத் திருப்பினான், திருப்பிய பக்கத்தில் அவன் இடது கை கழுத்தின் நுனிக்குப் போய் ஒரு திருகை ஒரு சொட்டு இறக்கிவிட்டு வந்தது. அவ்வளவுதான். சளியே இல்லாத இருமல். மறுபடி எல்லோரோடும் சேர்ந்துகொண்டான். இன்பராணியின் வலது கை வாசித்துக்கொண்டே இருந்தது, மனம் மட்டும் அந்தத் திருகின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. போன வாரம் ஸ்டூடியோவில் டீ இடைவேளையில் "மாண்டலினைக் குடுங்கக்கா, புது கம்பி எப்படி இருக்குன்னு பாக்குறேன்" என்று வாங்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனான். வாங்கிக்கொண்டு போய் ரொம்ப நேரம் வைத்திருந்தான். புது கம்பியைப் பார்க்க அவ்வளவு நேரமா? அதற்கு முந்தின ரெக்கார்டிங்கிலும் ஏதோ சொல்லி வாங்கினான். மீட்டும் இடத்தில் ஒட்டியிருக்கிற தகட்டைக் காட்டி, பிக்கார்டு கீறியிருக்குக்கா என்றான். கீறல் இல்லை. அப்படியானால் அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்றால் அவன் பெண்டாட்டிக்குத் தெரியும். சவுண்டு இன்ஜினீயருக்கு? கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவர் இவளைப் பார்த்துக் கட்டைவிரல் காட்டினாரே, அது சூப்பர் என்பதா, சரி போகட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதா? வாங்க மேடம், உக்காருங்க மேடம். அவமானம் என்பது சூடாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இது குளிர்ந்தது, முதுகுத் தண்டில் ஈரத் துணி போட்ட மாதிரி. இவன் திருட்டுத்தனமாக இரக்கப்பட்டிருக்கிறான். அடிக்கலாமா, கையைப் பிடித்துக்கொண்டு அழலாமா என்று தெரியவில்லை.

அப்போது ஷெரின் வாசிப்பதை நிறுத்தினாள். நிறுத்தி, ஒரு ஜோடியை மட்டும் மீட்டிப் பார்த்தாள், தலையை ஆட்டிக்கொண்டாள், மறுபடி மீட்டினாள். "அக்கா, இந்த ரெண்டாவது ஜோடி கொஞ்சம் ஏறியிருக்குல்ல?" சாதாரணமாகத்தான் கேட்டாள், விளக்கைப் போடட்டுமா என்று கேட்கிற மாதிரி. மற்றவர்கள் கை நின்றது. "எது?" என்றார் ரொசாரியோ. "இது அங்கிள். மேல ஏறி நிக்குது. நீங்க வாசிக்கிறதும் இதோட சேரல. மொத்தமாவே..." "அது இன்பா வச்ச சுருதிம்மா." ரொசாரியோவின் குரலில் கோபம் இல்லை, அதைவிட மோசமான பொறுமை இருந்தது. "நல்லாக் கேளு. ஏறியிருக்காது. ஹெட்போன் மாட்டி மாட்டி உங்க வயசுக்காரங்களுக்கெல்லாம் காது அப்படி ஆயிடுது. ஹாஜா, நீ சொல்லு." ஹாஜா யாரையும் பார்க்காமல், "எனக்கு ஒண்ணும் வித்தியாசமாத் தெரியலைண்ணா" என்றான். பொய்யன். என்ன அருமையான பொய்யன். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், இது தானாகவே போய்விடும், டீ ஆறிப்போச்சு என்று மேபல் அண்ணி ஏதாவது சொல்வாள், வியாழக்கிழமைக்குள் ஏதாவது வழி வரும், செல்பேசியில் பார்த்துச் சுருதி வைத்து யாருக்கும் தெரியாமல் எடுத்துப் போகலாம், திரும்பி வரலாம் என்றுதானே டாக்டர் சொன்னார், முதலில் அதைத்தானே சொன்னார். வெளியே தெரிந்தால் அந்த இசையமைப்பாளர் பையன் யாரைக் கூப்பிடுவான்? இதோ உட்கார்ந்திருக்கிற இந்த ஷெரினைத்தான். சுத்தமான கை, சுத்தமான காது, வாடகை வீட்டில் அம்மாவோடு இருக்கிறவள், வேலை தேவைப்படுகிறவள். இவளை எனக்குப் பிடிக்காதா? பிடிக்கும். இந்த நிமிஷம் பிடிக்காது. ஷெரின் மறுபடி அந்த ஜோடியை மீட்டினாள், இந்தத் தடவை மெதுவாக, காதை வாத்தியத்தின் மேல் வைத்து. பிறகு நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது. "சாரிக்கா. எனக்குத்தான் தப்பாக் கேக்குது போல" என்றாள். சொல்லிவிட்டு ஒரு விரலைக் காதில் விட்டு ஆட்டிக்கொண்டாள், தண்ணீர் புகுந்தவள்போல. அந்த விரல். குக்கர் கூவிய காலையிலிருந்து இன்பராணி எத்தனை தடவை அதே விரலை அதே மாதிரி விட்டு ஆட்டியிருப்பாள். தன் காதைத் தானே நம்பாமல் போவது எப்படி இருக்கும் என்று இந்த ஹாலில் அவளுக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். ஒன்றுமே ஆகாத காதோடு ஒரு பெண் அந்தக் குழிக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறாள், இன்று இரவு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கம்பியை மீட்டி மீட்டிப் பார்ப்பாள், பெரியவர்கள் மூன்று பேர் சேர்ந்து அன்பாக இறக்கிவிட்டதால்.

"விரலை எடும்மா" என்றாள் இன்பராணி. "உனக்குச் சரியாத்தான் கேக்குது. ஏறித்தான் இருக்கு. எல்லாமே ஏறுமாறாத்தான் இருக்கு, இந்த பூஸூக்கியும் சேர்த்து." முடியை ஒதுக்கி, பஞ்சைப் பிடுங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் டீத் தம்ளர் ஓரத்தில் வைத்தாள். "இந்தக் காதுல எது கேட்டாலும் அரைச் சுரம் மேல கேக்குது. காய்ச்சலுக்கு அப்புறம். நரம்பாம். வரலாமாம், வராமலும் போகலாமாம்." சொல்லிவிட்டாள். வானம் இடிந்து விழவில்லை, ஆனால் லேசாகவும் இல்லை. சொன்னால் பாரம் குறையும் என்பதெல்லாம் சும்மா, இப்போது அது வெளியே நின்று எல்லோரும் பார்க்கிற அளவுக்குப் பெரிதாகிவிட்டது. முதலில் பேசியவர் ரொசாரியோ. "அப்ப எதுக்கு என் வாத்தியத்தைத் தொட்ட?" என்றார். உண்மையான கோபம். வீட்டில் நாய் இறந்தபோதுகூட அவர் இப்படி முகம் சிவந்து அவள் பார்த்ததில்லை. "நாலையும் திருகி வச்சிட்டு, கேட்டுட்டு உக்காந்திருந்தியே, நான் அந்தப் பொண்ணைப் போயி..." மேபல் "என்னங்க" என்றாள். அவர் எழுந்து ஜன்னலுக்குப் போய், ஒன்றுமில்லாத தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "எனக்கும் தெரியலையே இன்பா" என்றார். "நீ வச்சது தப்பா இருக்குன்னு எனக்கே தெரியல பாரு. நீ வச்சேன்னா நான் கேக்குறதேயில்ல." இதை எதிர்பார்க்கவில்லை அவள். "நீ எப்படா கண்டுபிடிச்ச?" என்று ஹாஜாவிடம் கேட்டாள். அவன் தரைவிரிப்பின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தான். "ஆரம்பத்துலயேக்கா." "ஏன்டா சொல்லல?" "எப்படிக்கா சொல்றது? உங்ககிட்டப் போயி, அக்கா உங்க சுருதி சரியில்லன்னு நான் சொல்லவா?" அவன் கண் கலங்கியிருந்தது. கலங்கட்டும் என்று நினைத்தாள். அடுத்த வாரமும் வாங்கித் திருத்திக் கொடுத்திருப்பான், அதற்கடுத்த வாரமும், கடைசிவரை அவள் ராணி மாதிரி நடந்துகொண்டிருந்திருப்பாள், பின்னால் ஊரே வாயைப் பொத்திக்கொண்டு. "வியாழக்கிழமை?" என்று ரொசாரியோ மெல்லக் கேட்டார். ஷெரின் குனிந்துகொண்டாள். அவள் குனிந்ததிலிருந்து, அந்த வேலை தனக்கு வரலாம் என்று அவளும் நினைக்கிறாள், நினைத்ததற்காக வெட்கப்படுகிறாள் என்று இன்பராணிக்குத் தெரிந்தது. "போய்த்தான் பாக்கணும்" என்றாள். "அந்தப் பையன்கிட்ட முதல்ல சொல்லிட்டு. கழுத்துல விரலுக்குக் கட்டை பதிச்ச வாத்தியம்தானே அண்ணே, சுருதி ஒருத்தர் வச்சுக் குடுத்துட்டா விரல் போற இடத்துக்குப் போகும். வேண்டாம்னு சொன்னான்னா..." அவள் பூஸூக்கியை ஷெரின் பக்கம் நீட்டினாள். "இதை நீ வை."

ஷெரின் ஹாஜாவைப் பார்த்தாள், ரொசாரியோவைப் பார்த்தாள். திருகைப் பிடித்து ஒரு ஜோடியை மீட்டி, இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கினாள், அவள் நெற்றியிலும் வேர்த்தது. அவள்மேலும் நீ வச்சாத்தான் வச்ச மாதிரி என்கிற சுமை ஏறத் தொடங்கிவிட்டது, பாவம் என்று நினைத்தாள் இன்பராணி, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. ஜோடிக்கு ஜோடி ஹாஜா தலையசைத்து, தன் மடியிலிருந்த ஆக்டேவையும் அதோடு சேர்த்துக்கொண்டான். கடைசி ஜோடி முடிந்ததும் ஷெரின் வாத்தியத்தைத் திருப்பிக் கொடுத்து, "இப்ப ஒண்ணாயிடுச்சுக்கா. கேளுங்க" என்றாள். இன்பராணி மீட்டினாள். கேட்டாள். பஞ்சு இல்லாத காது, பொய் இல்லாத வாய், எல்லாம் திறந்து கிடந்தது, அதே இரண்டு குரல், ஒன்று மேலே ஒன்று கீழே, பொருந்தாத ஓரம். ஆமாம் என்று சொல்லிவிடலாம். எல்லோர் முகமும் அந்த ஆமாமுக்காகத்தான் காத்திருந்தது, மேபல் அண்ணிகூடத் தட்டோடு நின்றிருந்தாள். "எனக்கு ரெண்டாத்தான் கேக்குது" என்றாள். "நீ ஒண்ணுன்னா ஒண்ணு. ஆரம்பிக்கலாம்." ரொசாரியோ தொடையில் தட்டினார். அவள் வாசித்தாள். விரல்கள் நீளக் கழுத்தில் போகவேண்டிய இடத்துக்குப் போயின, ஒவ்வொரு சுரமும் பிறக்கும்போதே தன் கூடப்பிறந்ததை இழுத்துக்கொண்டு வந்தது, ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவியது, எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் இருப்பது, இரண்டையுமே விட்டுவிட்டு வெறும் விரலாக மட்டும் இருக்க முடியுமா என்று பார்த்தாள், முடியவில்லை, நிறுத்திவிடலாம்போல இருந்தது, நிறுத்தவில்லை. முதல் சுற்று முடிந்து இரண்டாவதில் ஹாஜா மெல்ல வந்து சேர்ந்துகொண்டான். மேபல் தட்டை ஓசைப்படாமல் கீழே வைத்தாள். ரொசாரியோவின் கண் மூடியது, உதடு கொஞ்சம் விரிந்தது, தலை ஆடத் தொடங்கியது. நன்றாகத்தான் இருக்கிறது போலிருக்கிறது என்று அவள் அந்தத் தலையைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.